பட்டாளத்துத் தகப்பனாருக்காகத் துக்கிப்பது



நமது கன்னியாகுமரி ஜில்லாவிலே பட்டாளத்து வீடு ஒன்றாவது இல்லாத ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். கடற்கரைக் கிராமமானாலும் சரி, விளவங்கோடு பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஊரானாலும் சரி, சேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், தொப்பியும் பித்தளைப் பித்தானுமாக நிற்கிற ஒரு வாலிபனுடைய போட்டோ மாட்டியிருக்கும். அந்த வாலிபர் இப்போது எண்பதை எட்டியவர், அல்லது தாண்டியவர். 1965-லோ 1971-லோ யுத்தமுனைக்குப் போய்த் திரும்பியவர். அவருக்கு முந்திய தலைமுறையார், அதாவது 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போனவர்கள், ஏறக்குறைய எல்லாருமே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அந்த யுத்தத்தில் இந்தியச் சேனை 25 லட்சம் பேராகப் பெருகிற்று. சுமார் 87,000 பேர் மாண்டார்கள். மாளாமல் திரும்பினவர்கள் வீட்டுக்கு வந்து, கலியாணம் செய்து, பிள்ளை வளர்த்து, கிழவராகிக் கட்டிலில் மரித்தார்கள். இப்படிக் கட்டிலில் மரிக்கிற பட்டாளத்துத் தகப்பனாருக்காகப் பிள்ளைகள் எவ்விதம் துக்கிக்க வேண்டும் என்பதே இவ்வாரப் பாடம்.

தகப்பனுக்காக அழுவதற்கு ஒரு பாடம் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். காரணம் இது. மற்ற வீடுகளில், துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் பேசுகிற மனிதரும் பிள்ளைகள் அறிந்த மனிதரும் ஏறக்குறைய ஒருவரே. பட்டாளத்து வீட்டில் அப்படியல்ல. வருகிறவர்கள், "சிங்கம் போல மனுஷன், தேசத்துக்காகச் சண்டை போட்டவர்" என்கிறார்கள். மூத்த மகனுக்கோ, நடுச்சாமத்தில் இந்தியில் கத்திக்கொண்டு எழுந்து, விடியுமட்டும் திண்ணையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த அப்பா ஞாபகத்துக்கு வருகிறார். மகளுக்கு, கோயில் திருவிழாவில் வெடி போடத் தொடங்கினால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற அப்பா. தாயாருக்கு, போகும்போது இருந்த சிரிப்பைத் திரும்பக் கொண்டுவராத புருஷன். இதையெல்லாம் கேத வீட்டில் சொல்ல முடியுமா? முடியாது. ஆகையால் மகன் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறான். ஊர் ஒரு வீரருக்காகத் துக்கிக்கிறது. பிள்ளை தன் அப்பனுக்காகத் துக்கிக்க இடமில்லாமல் போகிறது. அந்தத் துக்கம் எங்கே போகும்? ஆறுமாதம் கழித்து வேலித் தகராறாகவும், பாகப்பிரிவினைச் சண்டையாகவும், அண்ணன் தம்பி பேசாமலிருப்பதாகவும் வெளியே வருகிறது. இதைக் காணாத பங்கு உண்டா?

முதலாவது, அழுவதைப்பற்றி. "பட்டாளத்துக்காரன் மகன் அழலாமா?" என்று யாராவது பெரியவர் தோளைத் தட்டுவார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்; ஆனால் வேதாகமம் அவர் பக்கம் இல்லை. எகிப்து தேசம் முழுவதையும் ஆண்ட சூசை, தன் தகப்பனாகிய யாக்கோபு மரித்தபோது, அவர் முகத்தின்மேல் விழுந்து அழுதார் என்று ஆதியாகமம் 50-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிரேதத்தைப் பக்குவப்படுத்த 40 நாள் சென்றது. எகிப்தியர் 70 நாள் துக்கங்கொண்டாடினார்கள். கானான் தேசத்துக்கு எடுத்துப்போனபோது இரதங்களும் குதிரைவீரரும் கூடவே போயினர். அத்தனை சேனையின் முன்பாகவும், களத்துமேட்டில் ஏழு நாள் புலம்பல் நடந்தது. சீராக்கின் ஆகமம் 38-ம் அதிகாரமோ இன்னும் வெளிப்படையானது. மரித்தவனுக்காகக் கசந்து அழு, ஊர் வாய்க்கு இடங்கொடாதபடி ஓரிரு நாளாவது துக்கங்கொண்டாடு, பிறகு தேறுதலடை என்னும் கருத்தில் அந்த ஞானி எழுதியிருக்கிறார். ஊர் வாயை அவரும் அறிந்திருந்தார் போலும்! பெத்தானியாவில் நம் ஆண்டவர் கண்ணீர் விட்டதைச் சொல்லவே வேண்டாம். அர்ச். சின்னப்பர் தடுத்தது நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிப்பதை, துக்கிப்பதையே அல்ல.

அழுகையை அடக்கிப் பார்த்த ஒருவருடைய கதையும் திருச்சபையில் உண்டு. 387-ல் ஓஸ்தியாத் துறைமுகத்தில் தாயார் மோனிக்கம்மாள் மரித்தபோது, அர்ச். அகுஸ்தீன் கல்லறை மட்டும் கண்ணீர் விடாமல் போய் வந்தார். மனப்பாரம் குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டு, குளித்தும் பார்த்தாராம். குறையவில்லை. தூங்கி எழுந்த பிறகு, தனியே, சர்வேசுரன் சமூகத்தில் அழுதுதீர்த்தார். அவ்வளவு பெரிய சாஸ்திரிக்கே இப்படியானால் நமக்கு என்ன?

இரண்டாவது காரியத்துக்கு வருவோம். இதுதான் பாடத்தின் நடு.

மரித்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதற்கு வேதாகமத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்டால், ஞானோபதேசம் படித்த பிள்ளைகள் மக்கபேயரின் இரண்டாம் ஆகமம் 12-ம் அதிகாரம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த அதிகாரம் யாரைப்பற்றியது என்று கேட்டால் பெரியவர்களும் விழிக்கிறார்கள். அது சிப்பாய்களைப்பற்றியது. யூதாஸ் மக்கபே என்னும் சேனாபதி கோர்ஜியாஸ் என்பவனோடு யுத்தஞ்செய்து ஜெயித்தான். ஓய்வுநாள் கழிந்து, போரில் மடிந்த தன் ஆட்களை அவரவர் பிதாக்களின் கல்லறையில் அடக்கஞ்செய்ய எடுக்கப் போனான். பிரேதங்களை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொருவனுடைய அங்கிக்குள்ளும் யாம்னியா ஊர் விக்கிரகங்களின் காப்புத் தாயத்துகள்! யூதருக்கு அது கண்டிப்பாக விலக்கப்பட்டது. சர்வேசுரனுக்காகச் சண்டைபோட்டுச் செத்தவர்களின் சட்டைக்குள்ளே, சர்வேசுரனுக்கு விரோதமான பொருள்.

இந்த இடத்தில் சேனாபதி என்ன செய்தான் என்று கவனியுங்கள். தாயத்தை எடுத்து ஒளித்துவிட்டு, இவர்கள் எல்லாரும் சுத்த வீரர்கள் என்று கொடி பிடிக்கவில்லை. இவர்கள் துரோகிகள் என்று பிரேதத்தைக் கழுகுக்கு விட்டுப்போகவுமில்லை. கண்டதைக் கண்டான், சேனை முழுவதும் கண்டது. பிறகு எல்லாரும் செபத்தில் விழுந்தார்கள். யூதாஸ் ஆளுக்கு ஆள் வசூல்செய்து, இரண்டாயிரம் திராக்மா வெள்ளியைச் சேர்த்து, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பினான். (நமது பழைய இலத்தீன் வேதாகமத்தில் பன்னீராயிரம் என்றிருக்கும், கிரேக்கப் பிரதியில் இரண்டாயிரம்தான். வயதானவர்கள் படித்த எண் வேறாயிருக்கிறதே என்று திகைக்க வேண்டாம்.) உயிர்த்தெழுதலை நினைத்தே இப்படிச் செய்தான் என்று அந்த ஆகமம் அவனை மெச்சிக்கொள்கிறது.

மரித்தோருக்காக நாம் பூசை ஒப்புக்கொடுப்பதற்குக் காட்டுகிற பழைய ஏற்பாட்டு ஆதாரம், ஆகவே, ஒரு பட்டாளத்து அடக்கத்திலிருந்து வந்தது. அதுவும், மரித்தவனுடைய சட்டைக்குள் என்ன இருந்தது என்பதைப் பார்த்த பிறகு செய்த செபம். பட்டாளத்துத் தகப்பனாரின் பிள்ளைகள் இந்த அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அப்பாவின் சட்டைக்குள் என்ன இருந்தது? மௌனம், கோபம், குடி, பயங்கரக் கனவு, சில வேளை சர்வேசுரன்மேலேயே ஒரு மனத்தாங்கல். அதைக் கண்டதாகச் சொல்வது பிதாவுக்குச் செய்யும் அவமரியாதை அல்ல. கண்டபிறகு செபிப்பதே யூதாஸ் காட்டிய வழி.

யுத்தத்துக்குப் போய்வந்தவன்மேல் ஒரு பாரம் இருக்கிறது என்பதை நமது திருச்சபை நேற்று இன்று கண்டுபிடிக்கவில்லை. 4-ம் நூற்றாண்டில் செசரேயா மேற்றிராணியார் அர்ச். பசிலியார், யுத்தத்தில் கொல்வதை முன்னோர்கள் கொலைபாதகமென்று எண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் கையில் இரத்தம் பட்டவர்கள் மூன்று வருஷம் தேவநற்கருணை வாங்காதிருப்பது நலமாயிருக்கும் என்று ஆலோசனையாக எழுதினார். 1066-ல் நார்மன் சேனை இங்கிலாந்தைப் பிடித்தது. ஜெயித்த அந்தச் சேனைக்கே மேற்றிராணிமார்கள் தபசு விதித்தார்கள். இத்தனை பேரைக் கொன்றேன் என்று அறிந்தவன் ஆளுக்கு ஒரு வருஷம். எண்ணிக்கை தெரியாதவன் ஆயுள் முழுதும் வாரத்தில் ஒருநாள். இல்லையேல் தர்மம், அல்லது கோயில் கட்டுவது. தூரத்திலிருந்து எய்த வில்லாளிகளுக்கு, தங்கள் அம்பு யார்மேல் பட்டது என்றே தெரியாதபடியால், மூன்று தபசுகாலத் தபசு. பீரங்கிப் படையில் இருந்த நம் ஊர்த் தகப்பன்மார்கள் இந்தக் கடைசி விதியைக் கேட்டால் தலையை ஆட்டியிருப்பார்கள். குண்டு போட்டேன், விழுந்த இடம் தெரியாது என்பதே அவர்கள் பாடு.

இதனால் உங்கள் தகப்பனார் பாவி என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. தேசத்தைக் காக்க நியாயமான கட்டளைக்குக் கீழ்ப்படிந்த சிப்பாயைத் திருச்சபை குற்றவாளியென்று தீர்ப்பதில்லை. அக்காலத்துத் தபசுவிதிகளும் இன்று நடப்பில் இல்லை. ஆனால் குற்றம் வேறு, பாரம் வேறு. அந்தப் பாரத்தை இறக்கிவைக்க ஒரு வாசல் வேண்டும் என்று முன்னோர் அறிந்திருந்தார்கள். நாமோ, வீட்டுக்கு வந்தவரை ரயிலடியில் மாலைபோட்டு வரவேற்று, மறுநாளே தென்னைக்குத் தடம் வெட்டச் சொல்லிவிட்டோம்.

வைத்திய சாஸ்திரம் இதை அறிய வெகுகாலம் சென்றது. 1914-18 யுத்தத்தில் கை நடுங்கி, பேச்சற்று வந்த சிப்பாய்களின் வியாதிக்கு ஷெல் ஷாக் என்று பெயர் வைத்தார்கள். பயந்தாங்கொள்ளித்தனம் என்று தண்டனை கொடுத்ததும் உண்டு. 1980-ல்தான் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம், பேராபத்தைக் கண்டவர்களுக்கு வருஷக்கணக்காக நீடிக்கும் மனக்காயத்தைத் தனி நோயாகத் தன் புஸ்தகத்தில் சேர்த்தது. தூக்கத்தில் அலறுதல், திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளுதல், உறவினரோடு ஒட்டாமை, குடி ஆகியவை அந்நோயோடு வருகின்றன. 1971 டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த யுத்தம் பதினான்கு நாளில் முடிந்தது. சிலருக்கு அது ஐம்பது வருஷம் முடியவில்லை. இதை அறியாமல், "அப்பாவுக்கு எங்கள்மேல் பாசமில்லை" என்று நினைத்தே வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! மரணத்துக்குப் பின்னாவது அந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்வது துக்கத்தின் ஒரு பாகம்.

இலங்கைக்குப் போனவர்களைப்பற்றித் தனியே ஒரு வார்த்தை. 1987 ஜூலையில் போன அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பிற்று. ஏறக்குறைய 1,200 பேர் அங்கே மடிந்தார்கள். அதில் நம் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். தங்கள் சொந்தப் பாஷை பேசுகிற ஊரில், தங்கள் சொந்தப் பாஷையில் அழுகிற ஜனங்கள் நடுவே துப்பாக்கியோடு நின்றவர்கள். கடைசிப் படை மெட்ராஸ் வந்து சேர்ந்தபோது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்புக்குப் போகவில்லை. அந்த அரசியல் சரியா தப்பா என்று தீர்ப்பது இந்தப் பத்திரிகையின் வேலையல்ல. வீடு வந்த சிப்பாய்க்குப் பேச இடமில்லாமல் போயிற்று என்பதுமாத்திரம் மெய். அவர்கள் இப்போது அறுபது எழுபது வயதில் நம் நடுவே இருக்கிறார்கள். உயிரோடிருக்கும்போதே பக்கத்தில் உட்காருங்கள். தோண்டித் துருவிக் கேட்க வேண்டாம். சொல்லத் தொடங்கினால் எழுந்து போகாமலிருந்தால் போதும். விருப்பமானால் சுவாமியாரிடம் அழைத்து வாருங்கள். பாவசங்கீர்த்தனம் என்பது அடித்துவைத்த பாவப்பட்டியலை ஒப்புவிக்கிற இடம் மாத்திரமல்ல.

சில வீடுகளில் காரியம் இன்னும் கஷ்டம். அப்பா கைநீட்டினவர், பெல்ட்டால் அடித்தவர், அம்மாவை அழவைத்தவர். இப்படிப்பட்டவருக்காக எப்படித் துக்கிப்பது? பொய்யாக அழ வேண்டியதில்லை. தாவீது இராஜாவைப் பாருங்கள். சவுல் அவனைப் பிள்ளைபோல் வீட்டில் வைத்திருந்து, பெண்ணையும் கொடுத்து, பிறகு ஈட்டியை எறிந்து கொல்லப்பார்த்தான். அந்தச் சவுல் யுத்தத்தில் மடிந்தபோது தாவீது வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, சாயந்தரமட்டும் உபவாசமிருந்து, ஒரு புலம்பலும் பாடினான். அதில் சவுலின் பலத்தையும் வீரத்தையும், அவனால் ஜனங்களுக்குக் கிடைத்த நன்மையையும் சொன்னான். ஈட்டியைப்பற்றிப் பேசவில்லை, ஈட்டியே எறியப்படவில்லை என்றும் சொல்லவில்லை. சவுலிடத்தில் உண்மையாய் இருந்த நன்மையை மாத்திரம் எடுத்துக்கொண்டான். காயம்பட்ட பிள்ளைக்கு இவ்வளவுதான் கேட்கப்படுகிறது. மீதியைப் பூசையில் வைத்துவிட்டுப் போகலாம்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு கல்லறைச் சாட்சி இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற பாதையில் தக்கலைக்கு முன், புலியூர்க்குறிச்சியிலே உதயகிரிக் கோட்டை. அதற்குள்ளே பாழடைந்த ஒரு சிறு கோயிலில் டிலனாய் என்னும் கப்பித்தான் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். 1741-ல் குளச்சலில் டச்சுக் கம்பெனிச் சேனையில் வந்து, திருவிதாங்கூர் மார்த்தாண்டவர்ம மகாராஜாவிடம் பிடிபட்டவர். பிடித்த மகாராஜாவுக்கே சேவகஞ்செய்து, சேனையைப் பழக்கி, கோட்டை கட்டி, வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கி, 1777 ஜூன் 1-ந் தேதி 62-ம் வயதில் மரித்தார். கல்லின்மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. அவர் எத்தனை வருஷம் சேவித்தார், காயங்குளம் முதல் கொச்சி வரை எந்தெந்த இராச்சியங்களை மன்னருக்குக் கீழ்ப்படுத்தினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

அந்தக் கல்லில் இல்லாததையும் நாம் அறிவோம். அரண்மனை உத்தியோகஸ்தர் நீலகண்ட பிள்ளைக்கு வேதசத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தவர் இந்த டிலனாய்தான். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனவரை, 1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். சுட்டது டிலனாய் பழக்கிய அதே இராச்சியத்துச் சிப்பாய்கள். 2022 மே 15-ந் தேதி பாப்பரசர் அந்தத் தேவசகாயத்துக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்தபோது நாம் கோட்டாற்றில் மணியடித்துக் கொண்டாடினோம்; ஆனால் சிநேகிதனைக் கொன்ற அரசிலேயே டிலனாய் இன்னும் இருபத்தைந்து வருஷம் சேவகஞ்செய்து கிழவரானார் என்பதை யோசித்தோமா? 1765-ல் களக்காட்டுச் சண்டையில் அவருடைய மகன் இளவயதிலேயே விழுந்தான். அந்த மகனும் அதே கோயிலுக்குள் அடக்கம். தகப்பன் பழக்கிய சேனையில் போன மகனைத் தகப்பனே புதைத்தான். இந்த மனிதர் ராத்திரியில் தூங்கினாரோ, என்ன நினைத்தாரோ, எந்தக் கல்லிலும் எழுதவில்லை. ஜெயங்களை எல்லாம் எழுதி முடித்தபின், அவர் சமாதானத்தில் இளைப்பாற வேண்டும் என்ற விண்ணப்பத்தோடு அந்த எழுத்து முடிகிறது. புகழை எழுதினவர்களே செபத்தையும் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டத்தக்க இடம். இப்போது வனத்துறையார் அந்தக் கோட்டைக்குள் பூங்கா வைத்திருக்கிறார்கள்.

இனி அடக்க நாளின் காரியங்கள் சில.

தேசியக் கொடியைப் பெட்டிமேல் போர்த்துவது மரியாதை என்று எண்ணிப் பிள்ளைகளே கடையில் வாங்கிப் போடுகிறார்கள். சட்டம் அப்படியல்ல. அரசு மரியாதையோடு நடக்கும் அடக்கத்திலும், படையினருக்காகப் படையார் நடத்தும் அடக்கத்திலும் மாத்திரமே கொடியைப் போர்த்தலாம். அப்போதும் குழிக்குள் இறக்கக்கூடாது. நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுச் செய்வது உத்தமம். அமெரிக்கா முதலிய தேசங்களில், கொடி போர்த்திய பெட்டியானாலும் கோயில் வாசலில் கொடியை மடித்தெடுத்துவிட்டு, ஞானஸ்நானத்தை நினைப்பூட்டும் வெள்ளைத் துணியைப் போர்த்துவது வழக்கம். மெடல்களை ஒரு தட்டில் வைத்து வீட்டில் காட்டுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை.

மிலிட்டரி காண்டீன் ரம்மைக் கேத வீட்டுக் கொல்லையில் திறந்து வைக்கிற வழக்கத்தைப்பற்றி என்ன சொல்ல? பழைய தோழர்கள் துக்கத்தில் குடிக்கிறார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். அந்தத் தோழர்களில் பாதிப்பேருக்கும் அதே மனக்காயம் இருக்கிறது என்பதை மேலே படித்தோம். அவர்களுக்கு அன்று ஒரு தேயிலையும், மரித்தவரைப்பற்றிப் பேச ஒரு நாற்காலியும் கொடுங்கள். பிள்ளைகள் அறியாத அப்பாவை அறிந்தவர்கள் அவர்கள்தான். எந்த முகாமில் சேர்ந்து இருந்தார்கள், எந்தக் குளிரில் யாருக்குப் போர்வை கொடுத்தார் என்பது அவர்கள் வாயிலிருந்து அன்றைக்கு விட்டால் என்றைக்கும் வராது.

அடக்கம் முடிந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கிறபோது பொறுமை வேண்டும். நமது தேசத்து யுத்த மெடல்களின் விளிம்பைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சிப்பாயின் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். சமர் சேவா ஸ்டார் என்றால் 1965; பூர்வி ஸ்டார் என்றால் 1971-ல் கிழக்குமுனை; பஸ்சிமி ஸ்டார் என்றால் அதே வருஷம் மேற்குமுனை. அப்பா எங்கே நின்றார் என்பதை ஐம்பது வருஷம் கழித்து ஒரு மெடல் விளிம்பில் அறிந்துகொள்கிற பிள்ளைகள் உண்டு. யாருக்கு எந்த மெடல் என்று சண்டைபோடுமுன் இதைப் படியுங்கள். தாயார் உயிரோடிருந்தால் மெடல் தாயாருடையது, பேச்சு அவ்வளவே.

மூன்றாம், ஏழாம், முப்பதாம் நாள் பூசையும் வருஷத் திவசப் பூசையும் திருச்சபையின் பழைய ஒழுங்கு. நம் பக்கத்தில் நாற்பத்தோராம் நாளும் சேர்ந்துகொண்டது. நாற்பத்தோராம் நாள் பந்திக்குச் செலவிடுவதில் பாதியைப் பூசைக்கும் தர்மத்துக்கும் செலவிட்டால் அப்பாவுக்கு அதிக லாபம். யூதாஸ் மக்கபே வெள்ளியை எருசலேமுக்கு அனுப்பினான். பிரியாணிச் செம்புக்கு அனுப்பவில்லை.

விதவையான தாயாரின் காரியத்தை முதல் மாதத்திலேயே கவனியுங்கள். மரணத்தை 21 நாளுக்குள் பதிவுசெய்து சான்றிதழ் வாங்க வேண்டும். பென்சன் வருகிற பாங்கிக்கு உடனே அறிவிக்க வேண்டும். மரித்த தேதிக்குப் பின் வந்த பணத்தை எடுத்துச் செலவழித்தால் பிறகு திருப்பிக் கட்ட நேரிடும். டிஸ்சார்ஜ் புஸ்தகத்தையும் பென்சன் உத்தரவையும் எடுத்துக்கொண்டு படைவீரர் நல அலுவலகத்துக்குத் தாயாரோடு ஒரு பிள்ளை போக வேண்டும். கிழவியைத் தனியே பஸ் ஏற்றிவிடக்கூடாது.

இதில் அடிக்கடி வருகிற தொல்லை ஒன்று உண்டு, பெயர்த் தொல்லை. ஆளெடுக்கும் இடத்தில் வடநாட்டு கிளார்க்கு காதில் விழுந்தபடி எழுதின பெயர் ஒன்று. கோயில் புஸ்தகத்தில் ஞானஸ்நானப் பெயர் வேறொன்று. தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்து உருமாறியிருக்கும். தாயாரின் பெயரும் படைப்பதிவில் தப்பாயிருந்தால் குடும்பப் பென்சன் மாதக்கணக்கில் நின்றுபோகும். அப்படிப்பட்டவர்கள் பங்கு அலுவலகத்துக்கு வந்து விவாகப் பதிவின் நகலையும் ஞானஸ்நானப் பதிவின் நகலையும் வாங்கிக்கொள்ளலாம். அவை மாத்திரம் எல்லா இடத்திலும் செல்லும் என்று சொல்லமுடியாது. ஆனாலும் இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று காட்ட உதவுகின்றன. விவாகமான வருஷத்தைக் குறித்துக்கொண்டு வந்தால் தேடுவது சுலபம்.

அதே நடையில் பூசைக் கருத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சிலர் சீட்டில் சுபேதார், ஹவில்தார் என்று பதவியோடு பெயரைப் படைப்பதிவில் உள்ளபடியே எழுதிக் கொண்டுவருகிறார்கள். பீடத்தில் குருவானவர் சொல்கிற இடத்தில் பதவிக்கு இடமில்லை. ஞானஸ்நானப் பெயர் மாத்திரம் போதும்.